எதுவும் போடாத செல்லும் பச்சையாக ஒளிர்வது ஏன்?

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின், ஹெப்-ஜி2 என்ற மனித ஈரல் புற்றுநோய்ச் செல்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று, ஆக்சிஜனேற்றம் நடந்தால் பச்சையாக ஒளிரும் டிசிஎஃப்எச்-டிஏ சாயத்தால் சோதிக்கிறேன். சாயம் தவிர எதுவும் போடாத கன்ட்ரோல் செல்களும் பச்சையாக ஒளிர்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் பார்க்க ஒளி கூடுகிறது. குர்குமின் போட்டவை இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. தவறு எங்கே?

பதில்: பார்க்கப் பார்க்க ஒளி கூடுகிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும் எஸ்டரேஸ் என்சைம்கள் இந்தச் சாயத்தின் அசிடேட் தொகுதிகளை வெட்டிவிடும். மிஞ்சும் டிசிஎஃப்எச் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒளிரும் டிசிஎஃப் ஆகும். அந்த ஆக்சிஜனேற்றத்தை உங்கள் மைக்ரோஸ்கோப்பின் நீல ஒளியே செய்துவிடும். ஃபோகஸை ஃபேஸ் கான்ட்ராஸ்டில் பிடியுங்கள். நீல ஷட்டரை ஒரே ஒரு படத்துக்குத் திறந்து மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். குழித் தட்டின் ஒளியை மொத்தமாக அளக்கும் பிளேட் ரீடர் இருந்தால் அதுவே மேல்.

குர்குமின் விஷயம் வேறு. அது தானே பச்சையாக ஒளிரும் பொருள், செல்லுக்குள் தங்கியும் விடும். சாயமே இல்லாமல் குர்குமின் மட்டும் போட்ட ஒரு வெல்லை (பிளேட்டின் ஒரு குழியை) பாருங்கள், புரிந்துவிடும். அந்த அளவைக் கழித்துக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்; டிசிஎஃப் ஒளியையும் அது மங்கச் செய்யலாம். சுமார் 644 நேனோமீட்டரில் தூண்டி 665-ல் பார்க்கும் செல்ராக்ஸ் டீப் ரெட் போன்ற சிவப்புச் சாயத்தால் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இன்னொரு சிக்கல்: சீரம் இல்லாத மீடியத்தில், பிஎச் 7.2, 37 டிகிரியில், குர்குமினில் சுமார் 90 சதவீதம் அரை மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். ஆகவே குர்குமினைச் சீரம் உள்ள மீடியத்தில் கொடுங்கள். சாயத்தை மட்டும் சீரம் இல்லாமல் கொடுங்கள்; சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு, சாயம் வெளியிலேயே வெட்டுப்பட்டுப் பின்னணி ஏறும். மீடியத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட்டும் வேண்டாம்.

அளவுகள்: 4.87 மில்லிகிராம் சாயத்தை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார். சிறு பங்குகளாகப் பிரித்து, ஃபாயில் சுற்றி, மைனஸ் 20-ல் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். வெதுவெதுப்பான எச்பிஎஸ்எஸ் (செல்களுக்கான உப்புக் கரைசல்) 1 மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 10 மைக்ரோமோலார். இருட்டில் 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு இரண்டு முறை கழுவல். அடி தெளிவான கறுப்பு 96 வெல் பிளேட்டில், 485-ல் தூண்டி 530-ல், கீழிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் அளந்து, ஏறும் வேகத்தை ஒப்பிடுங்கள். தாமதித்தால் டிசிஎஃப் செல்லிலிருந்து கசிந்து வெளியேறும்.

ஒளி கட்டாயம் கூட வேண்டிய பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு 100 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுவும் எச்பிஎஸ்எஸ்ஸில். மீடியத்தில் பைருவேட் இருந்தால் பெராக்சைடை அது விழுங்கிவிடும். திறந்த பாட்டிலின் லேபிளை நம்பாதீர்கள்: நீர்த்த கரைசல் 240 நேனோமீட்டரில், 1 சென்டிமீட்டர் குவெட்டில் 0.436 காட்டினால்தான் அது 10 மில்லிமோலார். தடுப்புக் கன்ட்ரோலுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்-அசிட்டைல் சிஸ்டீன் 5 மில்லிமோலார், ஒரு மணி நேரம் முன்னதாக. அது அமிலத்தன்மை உள்ளது. சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7.4-க்குக் கொண்டுவராமல் ஊற்றினால் செல்கள் அமிலத்தால்தான் பாதிக்கப்படும்.

எண்கள் ஒழுங்காக வந்தாலும் "பெராக்சைடு குறைந்தது" என்று எழுதிவிடாதீர்கள். டிசிஎஃப்எச் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. இரும்போ, பெராக்சிடேஸ் என்சைமோ, சைட்டோகுரோம் சி என்ற புரதமோ இடையில் வேண்டும். போதாக்குறைக்கு, வினையின் நடுவே உருவாகும் சாய ராடிக்கல் ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூப்பர்ஆக்சைடை உண்டாக்கும். குர்குமின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பொருள் என்பதால் உங்கள் சோதனையில் இது சின்ன விஷயமல்ல: பெராக்சைடு குறையாமலே ஒளி குறையலாம். பெராக்சைடைத்தான் சொல்ல வேண்டும் என்றால் பெராக்சைடை உணரும் ஒளிர் புரத சென்சாரான ரோஜிஎஃப்பி2-ஓஆர்பி1-இன் ஜீனைச் செல்லில் ஏற்றி, 405, 488 இரண்டிலும் தூண்டி விகிதம் பாருங்கள். குர்குமின் 405-லும் ஒளிரும் என்பதால் சென்சார் இல்லாத செல்களின் அளவை முதலில் கழிக்க வேண்டும்.

அடுத்த பிளேட்டில் ஓர வெல்களைக் காலியாக விடுங்கள், அங்கே மீடியம் ஆவியாகும். சாயம் மட்டும், குர்குமின் மட்டும், இரண்டும் சேர்ந்து, பெராக்சைடு, என்-அசிட்டைல் சிஸ்டீனும் பெராக்சைடும், செல் இல்லாமல் சாயமும் குர்குமினும்: ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 3 வெல். அளந்து முடித்ததும் செல் கருவைச் சாயமேற்றும் ஹோக்ஸ்ட் போட்டுச் செல்களை எண்ணி, அந்த எண்ணிக்கையால் வகுங்கள்.