மென்பொருள் ஒதுக்கித் தள்ளும் பில்கள் யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் கணக்குப் பிரிவில் ஏழு பேர். ஆறு மாதங்களாக சப்ளையர் பில்களை மென்பொருளே பதிவுசெய்கிறது. வேலை குறைந்தும் தவறுகள் குறையவில்லை. மாதக் கடைசியில் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். குழுவை எப்படிச் சீராக்குவது?

பதில்: ஆட்கள் மேல் கோபப்படாதீர்கள். சுலபமான பில்களை மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டது. முரண்டு பிடிப்பவைதான் உங்கள் ஆட்களிடம் வருகின்றன. அவற்றுக்கு இன்னார் பொறுப்பு என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஒரு வாரத்துக்கு, மென்பொருள் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு பில்லுக்கும் காரணத்தை ஒரே வரியில் குறிக்கச் சொல்லுங்கள்: ஆர்டர் எண் இல்லை, வரி பொருந்தவில்லை, சப்ளையர் பெயர் வேறு. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் நாலைந்து காரணங்களுக்குள் அடங்கிவிடும். ஆளுக்கு இத்தனை பில் என்ற பழைய பங்கீட்டை விட்டுவிட்டு, காரணத்துக்கு ஒருவர் என்று பிரியுங்கள். ஆர்டர் எண் விவகாரம் முழுக்க ஒருவர் கையில் இருந்தால்தான், அது கொள்முதல் பிரிவிலிருந்தே கோணலாக வருவது அவர் கண்ணில் படும். அவர் விடுப்பில் போனால் பார்க்க இன்னொருவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நின்ற பில்லாவது கண்ணுக்குத் தெரியும். நிற்காமல் போனதுதான் வம்பு. ‘0457’ என்று வந்த பில் மறுபடி ‘457’ என்று வந்தால், எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை இரண்டு பில்; பணமும் இருமுறை போகும். இருநூறு பச்சை டிக்குகளைப் பார்த்து வந்த விரல் இதற்கும் ‘சரி’யைத் தட்டிவிடும். சரிபார்க்க இரண்டாம் ஆளைப் போட்டாலும், முதலாமவர் பார்த்திருப்பார் என்றே அவரும் தட்டுவார். தினமும் தேறிய பில்களில் இருபதைக் குலுக்கி எடுத்து, மென்பொருள் பதிந்ததைக் காட்டாமல் கையால் பதியச் சொல்லி ஒப்பிடுங்கள். பெரிய தொகை பில்களைக் குலுக்கலுக்கு விடாதீர்கள், ஒன்றுவிடாமல் பாருங்கள்.

இதில் கைப்பழக்கமும் தங்கும். இயந்திரம் திணறும்போதுதான் மனிதர் தேவைப்படுகிறார், அதற்குள் அவருக்குக் கை மறந்திருக்கும் என்று லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியல் ஆய்வாளர் 1983-லேயே எழுதிவிட்டார். புதிதாகச் சேர்ந்தவர் பாடு இன்னும் மோசம்: எளிய பில் நூறு போட்டுப் பழகாமலே சிக்கலில் இறக்கப்படுகிறார். முதல் இரண்டு வாரம் அவர் மென்பொருள் இல்லாமல் பதியட்டும்.

சந்தேகம் வந்தால் பணம் போவதை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஏழு பேருக்கும் இருக்கட்டும். அநாவசியமாக நிறுத்தியவரை ஒருமுறை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டால் போதும், அடுத்த சந்தேகம் உங்கள் காதுக்கு வராது. யார் எத்தனை பில் முடித்தார் என்ற பட்டியலையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கு இப்போது மென்பொருளுடையது. வாரம் அரை மணி நேரம் கூடி, எந்தக் காரணத்தால் நிற்கும் பில்கள் குறைந்தன, எது குறையவில்லை என்று மட்டும் பேசுங்கள்.