வாசகர் கேள்வி – பதில்: குதிரில் இருந்தால் சேமிப்பு, கிடங்கில் இருந்தால் பதுக்கலா?

சென்ற இதழில் 1991-ஆம் ஆண்டின் தொழில் உரிம ஒழிப்பைப் பற்றி எழுதியபோது, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் அரசாங்கம் வந்து உட்கார்ந்துகொண்டால் முதலில் அடிபடுகிறவர் சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்தான் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாராட்டை விடக் கண்டனமே அதிகம். காரம் மிகுந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: விலைக்கும் இருப்புக்கும் கட்டுப்பாடு இல்லாவிட்டால், வியாபாரிகள் அரிசியைப் பதுக்கி ஏழைகளைப் பட்டினி போட்டுவிட மாட்டார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்வி தஞ்சாவூரிலிருந்து வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. உங்கள் பாட்டனார் தை மாதம் அறுத்த நெல்லைக் குதிரில் கொட்டி, விலை ஏறும் ஐப்பசி வரை வைத்திருந்து விற்றிருப்பார். அவரை ஊரில் யாரும் பதுக்கல்காரர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். விவரமான குடும்பஸ்தர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதே நெல்லை அதே காரணத்துக்காக ஒரு மண்டிக்காரர் கிடங்கில் அடுக்கினால் மட்டும் பெயர் மாறிவிடுகிறது. அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது, வயிறோ பன்னிரண்டு மாதமும் கேட்கிறது. ஆகவே நடுவில் யாராவது ஒருவர் தானியத்தை வைத்திருந்தே ஆக வேண்டும். எலிக்கும் ஈரத்துக்கும் போனது போக, போட்ட முதலுக்கு வட்டியாவது தேறும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் வைத்திருப்பார். அந்த நம்பிக்கையைச் சட்டம் போட்டு அழித்தால், அறுவடைக் காலத்தில் விவசாயியிடம் வாங்க ஆள் இருக்காது, ஐப்பசியில் சாப்பிடுகிறவருக்கு விற்கவும் ஆள் இருக்காது.

நம் மாநிலத்திலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு, இடையில் சிறிது காலம் தளர்த்தப்பட்டாலும், சுதந்திரத்துக்குப் பின்பும் சென்னை ராஜ்யத்தில் தொடர்ந்தது. அரசு குறித்த விலைக்கு விவசாயி நெல்லை அளக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கூடாது. தஞ்சையில் விளைந்த நெல் வறண்ட ராமநாதபுரத்துக்குப் போய்ச் சேர ஓர் அதிகாரியின் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டாயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பாட்டி, ஊரிலிருந்து நாலு படி அரிசியைத் துணி மூட்டைக்குள் சுருட்டி ரயிலில் கொண்டுவந்ததையும், தாசில்தார் ஆட்கள் ஏறியபோது அதன்மேல் குழந்தையைப் படுக்கவைத்ததையும், ஏதோ சாகசம் செய்தவரைப் போலத்தான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். தன் வயலில் விளைந்த அரிசியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு அந்த நாளில் பெயர் கடத்தல்.

1952 ஏப்ரலில் முதலமைச்சரான ராஜாஜி, ஜூன் மாதத்திலேயே இந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வந்துவிடும் என்று அஞ்சியவர்கள் பலர். பஞ்சம் வரவில்லை, இருட்டில் கிடந்த அரிசி கடைக்கு வந்தது. 1954-க்குள் நாடு முழுவதும் உணவுத் தானியக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. மத்திய உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார், மத்திய அரசின் கையிருப்பு முதுகுக்குப் பின்னால் இருந்தது, அடுத்து வந்த விளைச்சலும் கைகொடுத்தது என்பவற்றை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் இதே கையிருப்பை வைத்துக்கொண்டு, இதே மழை பெய்தும், பெர்மிட் முறை நீடித்திருந்தால் மூட்டை சோதனைச் சாவடியில்தான் நின்றிருக்கும்.

வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றுவார்களே என்று அடுத்து கேட்பீர்கள். நூறு பேர் கூட்டுச் சேர்வது கடினம். விலை ஏறியதும் நூற்றோராவது ஆள் கடை திறந்துவிடுவார். அந்த நூற்றோராவது ஆளுக்கு லைசென்ஸ் மறுத்து, மிச்சமிருப்பவர்களின் கூட்டைக் காப்பாற்றிக் கொடுக்கக்கூடியது அரசாங்கம் ஒன்றுதான்.

கேள்வி: ‘பெர்மிட் – லைசென்ஸ் ராஜ்யம்’ என்று படிக்கிறோம். எங்கள் தலைமுறைக்கு லைசென்ஸ் என்றால் டிரைவிங் லைசென்ஸ்தான். அதில் அப்படி என்ன துன்பம் இருந்தது?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள ஒரு தொழிலில் புதிய ஆலை தொடங்கவும், இருக்கும் ஆலையை விரிவாக்கவும், புதிதாக ஒரு பொருளைச் செய்யவும் டெல்லியின் உரிமம் வேண்டும். எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதும் அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும். சந்தையில் கிராக்கி இருக்கிறதே என்று கூடுதலாகச் செய்துவிட்டால் அது திறமை ஆகாது, விதிமீறல் ஆகும். இயந்திரம் இறக்குமதி செய்ய வேறொரு லைசென்ஸ். இரும்புக்கும் சிமெண்டுக்கும் கோட்டா. இதையெல்லாம் முடிக்க டெல்லியில் ஆள் வைத்துக்கொள்ள வசதியுள்ள பெரிய குடும்பங்களுக்கு இது ஒரு கோட்டைச் சுவராகவே அமைந்தது. உங்கள் ஊரில் ஒரு லேத்தை வைத்துக்கொண்டு பம்ப் செட் மோட்டார் செய்யத் தெரிந்தவருக்கு அந்தச் சுவருக்கு வெளியேதான் இடம்.

வாங்குகிறவர் பக்கத்தை என் சித்தப்பா வீட்டில் பார்த்தேன். அவர் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தபோது மூத்த மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கடிதம் பீரோவில் சித்தியின் நகைப் பெட்டிக்கு அடியில் இருந்தது, ஏனென்றால் அதற்கே வெளியில் விலை உண்டு. வண்டியை எடுத்த அன்றே விற்றால் கொடுத்ததற்கு மேல் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணி அனுப்ப உறவினர் இருந்தவர்கள் இந்த வரிசையில் நிற்கவே தேவையில்லை. எல்லோரும் சமம் என்று சொல்லிக் கட்டப்பட்ட அமைப்பில் துபாயில் மச்சான் இருப்பது ஒரு தகுதியாகிவிட்டது.

1991 ஜூலை 24 அன்று வெளியான தொழிற்கொள்கை, 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு உரிமம் வேண்டாம் என்றது. நாற்பது ஆண்டுக்காலம் நாட்டின் நலனுக்கு இன்றியமையாதது என்று காக்கப்பட்ட கோப்புகள் அன்றோடு பழைய காகிதம் ஆயின.

கேள்வி: தங்கக் கட்டுப்பாட்டால் கள்ளக்கடத்தல் குறைந்ததா?
– நகை வியாபாரி, திருச்சி

பதில்: கள்ளக்கடத்தல் குறையவில்லை, தட்டார்கள் குறைந்தார்கள். சீனப் போருக்குப் பிறகு, அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த விதிகள், 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்வதைத் தடை செய்தன. 22 காரட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு தங்கம் இருக்கும். 14 காரட்டில் 58 பங்கு சொச்சம்தான். அந்தக் கலவை குமுட்டி அடுப்பில் ஊதுகுழலுக்கு வளைந்துகொடுப்பதில்லை, கறுத்தும் போகும்; அதில் தாலி செய்து கட்ட எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். தந்தை வழியில் கற்றதைத் தவிர வேறு வேலை தெரியாத பொற்கொல்லர்கள் லட்சக்கணக்கில் பட்டறையை மூடினார்கள். தற்கொலைச் செய்திகளும் வந்தன. 1966-இல் 14 காரட் விதி போயிற்று. 1968-இல் தனிச் சட்டமாக வந்த மற்றக் கட்டுப்பாடுகள் 1990 வரை இருந்தன. மகளுக்கு எத்தனை காரட்டில் தாலி செய்வது என்பதைக்கூட ஓர் அமைச்சகம் முடிவு செய்யலாம் என்று நாடு ஏற்றுக்கொண்டதே, அதுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கேள்வி: எழுபதுகளில் இறக்குமதித் தடை இருந்தபோதுதான் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் வெங்காயத்தாலும் செத்தல் மிளகாயாலும் தலைநிமிர்ந்து கல்வீடு கட்டினார்கள். 1977-இல் வந்த திறந்த பொருளாதாரம் அவர்களைக் கவிழ்த்தது. உங்கள் வாதம் இங்கே என்ன ஆகிறது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இதுதான், ஐயா. நீங்கள் சொல்வது உண்மை. அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. கிணற்றில் இறைத்து, வியர்வை சிந்தி விளைவித்தவர்களின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். இறக்குமதித் தடை போட்ட அதே பிரதமர் சிறிமாவோவின் ஆட்சியில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியுமுன் வரிசையில் நின்றார்கள். அரிசியை ஓரளவுக்கு மேல் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக முடியாமல் வழியில் மறித்துச் சோதித்தார்கள். 1973–74-இல் மலையகத் தோட்ட லயங்களில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். உலகச் சந்தையில் தானிய விலை ஏறியதும் ஒரு காரணம்தான்; ஆனாலும் சொந்த நிலம் இல்லாத, அரிசியும் மாவும் மிளகாயும் விலைக்கு வாங்கியே தீர வேண்டிய தோட்டத் தொழிலாளிக்குக் கட்டுப்பாடு எந்த நன்மையும் செய்யவில்லை. தமிழருக்குத் தமிழர் என்று பார்த்தாலும் கணக்கு இரு பக்கமும் இருக்கிறது.

கையெழுத்தில் வந்த வாழ்வு கையெழுத்திலேயே போய்விடும் என்பதும் உண்டு. தடை நிரந்தரம் என்று நம்பிக் கடன் வாங்கி நட்டவர், ஆட்சி மாறியதும் நடுத்தெருவில் நின்றார். 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் (அரசிதழில்) நிறுத்திவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றபோது, இதே அனுபவம் தெற்கின் நெல் விவசாயிக்கும் கிடைத்தது.

இதோடு நிறுத்தினால் நான் கட்சி கட்டியவன் ஆவேன். 1977-இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனா திறந்தது துறைமுகத்தை மட்டுமே. 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1980-இல் வேலைநிறுத்தம் செய்த பல்லாயிரம் பேரின் பணிநீக்கம், 1981-இல் உங்கள் யாழ்ப்பாண நூலகத்தில் வைத்த தீ ஆகியவையெல்லாம் சுதந்திரச் சந்தை என்ற பெயர்ப்பலகைக்குக் கீழேதான் நடந்தன. வெங்காயம் தடையின்றி வரலாம், மனிதன் தடையின்றிப் பேசவோ நடமாடவோ முடியாது என்ற ஆட்சியைத் தாராளவாதம் என்று ஏற்க எனக்கு மனம் இல்லை. ஆட்சியாளர் கையைப் பொருளாதாரத்தில் கட்டிப்போட வேண்டும் என்பவர், கைது செய்யும் அதிகாரத்திலும் அதைக் கட்டிப்போடச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சுதந்திரா கட்சி ஏன் தேறவில்லை?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: பெர்மிட் ராஜ்யத்தை எதிர்த்து ராஜாஜி 1959-இல் தொடங்கிய கட்சி அது. 1967-இல் மக்களவையில் 44 இடங்கள் பெற்றுப் பெரிய எதிர்க்கட்சியாகவே இருந்தது, 1971-இல் 8 ஆகச் சுருங்கியது. பெட்டிக்கடைக்காரருக்காகப் பேசிய மேடையில் முன்னாள் மகாராஜாக்களும் ஆலை முதலாளிகளும் அமர்ந்திருந்தால், பெட்டிக்கடைக்காரர் எப்படி நம்புவார்? அது போதாதென்று, 1967-இல் இங்கே அவர்கள் கூட்டுச் சேர்ந்த தி.மு.க.வின் முதன்மையான வாக்குறுதியே ரூபாய்க்கு மூன்று படி அரிசி!

கேள்வி: தனிமனித சுதந்திரம் பேசிய ராஜாஜிதானே குடிப்பவனின் சுதந்திரத்தில் கைவைத்தார்?
– வாசகர், சேலம்

பதில்: ஆம், அதுவும் உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கினார், 1937 அக்டோபர் 1 அன்று. கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். குடிக்காதவரும் அதைக் கட்டினார். மதுக்கடை திரும்ப வந்த பின்பும் வரி போகவில்லை. 1952-இல் வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அவரே மத்திய அரசிடம் வாதாடினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெசவாளரின் பசியைக் கண்டு மனம் இளகியவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை என்றாலும், அவர் எதிர்த்த ஒவ்வொரு பெர்மிட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு இளகிய மனம் இருந்திருக்கும். அவர் நீக்கிய கட்டுப்பாடுகளில் அவரோடு நிற்கிறேன். போட்ட கட்டுப்பாடுகளில் நிற்கவில்லை. குடிக்கவே கூடாது என்ற அரசு போய், எங்கள் கடையில் மட்டுமே வாங்க வேண்டும் என்ற அரசு 2003-இல் வந்திருக்கிறது. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: இவ்வளவு எழுதும் நீங்கள் ரேஷன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?
– குடும்பத் தலைவி, விருதுநகர்

பதில்: இல்லை அம்மா, எங்களுடையது சர்க்கரை அட்டை, அதற்கு அரிசி கிடையாது. ஏழைக்கு அரசாங்கம் அரிசி கொடுப்பதை நான் எதிர்க்கவும் இல்லை. நான் எதிர்ப்பது, எங்கள் பாட்டியின் துணி மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதை.