யாக்கோபும் பேதுருவும் ஒரே அதிகாரத்தில்

அன்புள்ள ஐயா,

என் தம்பி ஏழு மாதம் சிகிச்சையில் இருந்து இறந்துபோனான். அத்தனை நாளும் ஒரு ராத்திரி விடாமல் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து 91-ஆம் சங்கீதம் வாசித்தேன். “அது உன்னை அணுகாது” என்ற இடம் வரும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்வேன். அதே நோய் வந்த இன்னொருவர் சுகமாகி, போன மாதம் சபையில் சாட்சி சொன்னார். அன்றைக்கே ஒருவர் என்னிடம், “உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும்” என்றார். இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் டாக்டர் என்னையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார். அப்படிச் செய்தால் அதுவும் அவிசுவாசமா? அந்தச் சங்கீதத்தை இப்போது என்னால் திறக்கவே முடியவில்லை. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

தம்பி இறந்ததற்குக் காரணம் உங்கள் விசுவாசக் குறைவு இல்லை. உங்களைத் தேற்ற வேண்டுமே என்று இதைச் சொல்லவில்லை, வேதம் அப்படித்தான் சொல்கிறது. என் அப்பா இறந்தபோது என்னிடமும் ஒருவர் இதையே சொன்னார், அந்த ஒரு வாக்கியத்தைப் பல வருஷம் உள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், அதனால்தான் உங்களுக்குச் சீக்கிரம் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான், அது ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்து பேதுருவைப் பிடித்து, பதினாறு சேவகரின் காவலில் சிறையில் வைக்கிறான். ராத்திரியில் தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக்கதவு தானாகத் திறக்கிறது. இரண்டு பேரும் இயேசுவோடு கூடவே நடந்தவர்கள், மறுரூப மலைக்கும் கெத்செமனேக்கும் அவர் கூட்டிக்கொண்டு போன மூன்று பேரில் இருவர். ஒருவர் தப்பினார், மற்றவர் தப்பவில்லை. யாக்கோபின் விசுவாசம் போதவில்லை என்று இதை எழுதிய லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அப்புறம் பேதுரு நேராக மாற்குவின் தாய் மரியாளின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். உள்ளே அவருக்காகத்தான் ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோதை என்ற பெண் குரலைக் கேட்டு, கதவைத் திறக்கக்கூடத் தோன்றாமல் சந்தோஷத்தில் உள்ளே ஓடி, பேதுரு நிற்கிறார் என்கிறாள். அவர்கள் சொன்ன பதில், “நீ பிதற்றுகிறாய்.” யோசித்துப் பாருங்கள், கேட்ட காரியம் வாசலில் வந்து நிற்கிறது, கேட்டவர்களால் நம்ப முடியவில்லை! பேதுரு விடுதலையானது இவர்கள் விசுவாசத்தை அளந்து பார்த்துக் கொடுத்த கூலியாக இருக்க முடியாது. விசுவாசத்தில் குறை என்று உங்களிடம் சொன்னவர் இந்த வீட்டுக்குள் ஒருமுறை போய்விட்டு வந்திருக்கலாம்.

அப்படியானால் யாக்கோபை ஏன் விடுவிக்கவில்லை? வேதம் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். உங்களிடம் அதற்கு ஒரு காரணம் சொல்ல வருகிறவர்கள் எத்தனை நல்ல மனதோடு வந்தாலும் கேட்க வேண்டாம்.

சரி, 91-ஆம் சங்கீதம். வனாந்தரத்தில் சாத்தான் இயேசுவிடம் எடுத்துக் காட்டியது இதே சங்கீதத்தைத்தான். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதச் சீட்டாக அதை அவன் நீட்டினான், இயேசு அதை அப்படி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சங்கீதத்தின் கடைசி மூன்று வசனங்களில் தேவனே பேசுகிறார். அங்கே, “ஆபத்தில் நானே அவனோடிருந்து” என்று வருகிறது. ஆபத்தே வராதென்றால் இந்த வரி எதற்கு? தப்புவிப்பேன் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது, அதை நான் மழுப்பப் போவதில்லை. தம்பிக்கு அது இந்தப் பக்கத்தில் நடக்கவில்லை. மரணத்துக்கு அந்தப் பக்கத்திலும் அவர் தப்புவிக்கிறவர் என்று விசுவாசிக்கிறேன், ஆனால் அதைச் சொல்லி உங்கள் அழுகையை நிறுத்தப் பார்க்கமாட்டேன். லாசருவை எழுப்பப் போகிறார் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார்.

பரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள். நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் காவல் வைத்தோம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதுகிறார். பவுல் போன கப்பல் புயலில் சிக்கியது, அதில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தூதன் சொன்ன பிறகும், மாலுமிகள் படகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இருக்காவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று பவுல்தான் எச்சரித்தார். வாக்குத்தத்தம் கையில் இருந்தவர் பேசிய பேச்சு அது.

91-ஐத் திறக்க முடியாவிட்டால் இப்போதைக்கு மூடியே இருக்கட்டும். 88-ஐ வாசியுங்கள். கடைசி வரி வரைக்கும் ஒரு ஆறுதலும் வராத ஜெபம் அது, ஆனாலும் தொடக்கத்தில் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அத்தனையையும் கொட்டுகிறது. நீங்களும் கொட்டுங்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் தாங்க முடியாமல் எழுந்து வெளியே வரத் தோன்றினால், வந்துவிடுங்கள்.

தம்பியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. விருப்பம் இருந்தால் எனக்கு மட்டும் எழுதுங்கள், இங்கே போடமாட்டேன். பரிசோதனைக்குப் போகும் நாளையும் சொல்லுங்கள், அன்றைக்கு உங்களுக்காக ஜெபிப்பேன்.