மவுண்டன் பைக்கிலிருந்து ரோடு பைக்: எடைக்கு முன் டயரைப் பாருங்கள்

கேள்வி: பல வருடமாக மவுண்டன் பைக்தான் ஓட்டுகிறேன். இனி வேலைக்கும் சைக்கிளிலேயே போவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு வழிக்கு 12 கிலோமீட்டர். தார்ச்சாலைதான், ஆனால் நடுவில் கொஞ்ச தூரம் குண்டும் குழியும். முதுகில் லேப்டாப் பை இருக்கும், மழையிலும் போயாக வேண்டும். ரோடு பைக் வாங்கினால் பாதி நேரத்தில் போய்விடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் அந்தப் பாதி நேரக் கணக்கு. இப்போது உங்கள் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 12 கிலோமீட்டருக்கு 36 நிமிடம். ரோடு பைக்கில் அது 24 ஆனால் 30 நிமிடம். மிச்சமாகும் ஆறு நிமிடத்திலும் சிக்னல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். லாபம் காலுக்குத்தான். இப்போது நீங்கள் மிதிப்பதில் ஒரு பகுதி, பட்டன் டயர் (மேலே கட்டை கட்டையாகப் புடைப்பு உள்ள டயர்) நசுங்குவதிலும் முன் சஸ்பென்ஷன் அமுங்கி எழுவதிலும் வீணாகிறது.

ஆகவே செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. பழைய சைக்கிளிலேயே வழவழப்பான டயரை மாட்டி, சஸ்பென்ஷன் அமுங்காமல் நிறுத்தும் லாக் இருந்தால் அதையும் போட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 57-622 என்பது போல ஓர் எண் இருக்கும். முதலாவது டயரின் அகலம். இரண்டாவது, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டரில். 29 இஞ்ச் மவுண்டன் பைக்குக்கும் 700சி என்ற சக்கர அளவுள்ள ரோடு பைக்குக்கும் அது 622தான். 27.5 இஞ்சுக்கு 584, பழைய 26 இஞ்சுக்கு 559. இந்த இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். பொருந்துகிறதே என்று 28 மி.மீ. டயரை வாங்கிவிடாதீர்கள், மவுண்டன் பைக் ரிம் அகலமானது, 40 மி.மீ. ஒட்டி எடுப்பது நல்லது. பலருக்குத் தேடல் இங்கேயே முடிந்துவிடுகிறது, கடைக்காரர்களுக்குத்தான் அது பிடிப்பதில்லை.

அப்புறமும் ரோடு பைக்தான் வேண்டுமென்றால், கடையில் எல்லோரும் செய்வதுபோல ஒரு கையால் தூக்கி எடை பார்க்காதீர்கள். குனிந்து, டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவை) நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பந்தயத்துக்குச் செய்த பழைய மாடல்கள் பலவற்றில் 28 மி.மீ.க்கு மேல் நுழையாது. ஒல்லியான டயருக்குக் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கியிருக்கும்போது பள்ளத்தின் விளிம்பில் மோதினால் டியூப் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையே மாட்டி நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. உங்கள் சாலைக்கு 32 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அதில் 55 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், முதுகும் பிழைக்கும். மழையில் ஓட்டப் போகிறவர் என்பதால், மட்கார்டு போட்ட பிறகும் அந்த டயர் நுழையுமா என்று கேளுங்கள். மட்கார்டு இல்லாமல் நுழையும் அளவு வேறு, போட்ட பிறகு நுழையும் அளவு வேறு. எண்டுரன்ஸ் (நீண்ட தூரத்துக்கு), கிராவல் (மண், சரளைப் பாதைக்கும்) என்று விற்கப்படும் ரோடு பைக் வகைகளில் இந்த இடம் தாராளமாகவே கிடைக்கும்.

அடுத்து, மட்கார்டும் கேரியரும் மாட்டுவதற்கான திருகுத் துளைகள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். மவுண்டன் பைக்கில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததால் முதுகுப் பை தொந்தரவு தந்திருக்காது. ரோடு பைக்கில் குனிந்ததும் கழுத்தும் உள்ளங்கையும் அதைச் சுமக்கும். பையைக் கேரியரில் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். தொங்கவிட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். பந்தய ஃபிரேமின் பின்பகுதி குட்டை என்பதால் குதிகால் பையில் இடிக்கும்.

பிரேக் டிஸ்க்காக இருக்கட்டும். ரிம் பிரேக் நனைந்தால், கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும்.

கியரில் ஒரு வித்தியாசம் தெரியும். முன்னால் 32, பின்னால் 51 பல் என்ற மவுண்டன் பைக் கியரில் எந்த ஏற்றமும் ஏறிவிடும். ரோடு பைக் அவ்வளவு இலகுவாக ஏறாது, முன்னால் 34, பின்னால் 34 பல் கிடைத்தால் அதுவே அங்கே இலகுவான அமைப்பு. உங்கள் வழியில் மேம்பாலம் மட்டும்தான் என்றால் இது தாராளம்.

வளைந்த டிராப் ஹேண்டில்பார் கட்டாயமா? இல்லை. இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் கையை மாற்றி மாற்றிப் பிடிக்க அது உதவும். பன்னிரண்டுக்கு, அதுவும் நெரிசலில், நேர் ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக்கே என் தேர்வு. பிரேக்கில் எப்போதும் விரல் இருக்கும். பழைய மவுண்டன் பைக்கில் டிராப் பார் மாட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ஃபிரேம் நீளமானது, ஹேண்டில் எட்டாது. பிரேக், கியர் லீவர்களும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

ஓட்டிப் பார்க்கும்போது மெதுவாக ஒரு யூ-டர்ன் அடியுங்கள். சின்ன ஃபிரேம்களில் செருப்பு முனை முன்சக்கரத்தில் உரசும், மட்கார்டு போட்டால் இன்னும் மோசம். சிக்னலில் திரும்பும்போது அது விழ வைக்கும்.

சைக்கிளோடு அழுத்தமானி உள்ள பம்ப் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். மவுண்டன் பைக் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே ஓட்டியிருப்பீர்கள். ரோடு பைக் டயரில் 40 பி.எஸ்.ஐ.க்கும் 60க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, வாரம் ஒரு முறை மானியில் பார்க்க வேண்டும்.