பெரட்டும் பொம்மைப் படமும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் பொம்மைப் படங்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் மகளுக்கு ஆறு வயது. இங்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு பாலர் பள்ளியில் படிக்கிறாள். ஆண்டிறுதிக் கலைநிகழ்ச்சிக்கு ஓர் இளவரசி நாடகம் போடுகிறார்கள். அதில் இவளுக்குச் சூனியக்காரி வேடம். ஆசிரியை நம் தமிழ்ப் பெண்தான், பிள்ளைகள்மேல் பாசமானவர். "கறுப்புச் சட்டை இவளுக்குத்தான் எடுப்பா இருக்கும்" என்றாராம். பிள்ளை அழவில்லை. அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், முகம், கழுத்து, கை முழங்கை வரைக்கும் பவுடரைக் கொட்டிப் பூசிக்கொண்டு, கைத்தொலைபேசியில் இளவரசி படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரர், "படம்தானே, விடு. நாமும் இதெல்லாம் பார்த்துத்தானே வளர்ந்தோம், என்ன கெட்டுப்போய்விட்டோம்?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தப் படங்களை மொத்தமாக நிறுத்திவிடவா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஓர் அம்மா,
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் 'முழங்கை வரைக்கும்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முகத்துக்குப் பவுடர் எல்லாப் பிள்ளைகளும் போடுவார்கள். முழங்கை வரைக்கும் பூசுகிற பிள்ளை எதையோ மறைக்கப் பார்க்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். நியாயமான கேள்விதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் உங்கள் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் வளர்ந்தேன். இப்போது அங்கே எல்லாம் செம்பனை. அப்போதெல்லாம் விடிவதற்கு முன்னால், ஐந்தரை மணி வாக்கில் பெரட்டு, அதாவது அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கிற வரிசை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுவார். இன்னாருக்குப் பால் மரம், இன்னாருக்கு உரம், இன்னாருக்குப் புல். மருந்தடிக்கப் பெரும்பாலும் பெண்கள். என் அம்மா இருபத்தெட்டு வருஷம் அந்தக் களத்தில் நின்றார். எனக்கு நினைவு தெரிந்து ஒரு பெண்ணைக் கூட அங்கே கங்காணியாகக் கூப்பிட்டதில்லை. கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் சாயங்காலத்தில் பெரட்டு விளையாட்டு விளையாடுவோம். கிராணி எப்போதும் பையன்தான். நாங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்திருந்தோம்.

படமும் அப்படித்தான் ஆள் பிரிக்கிறது. இவன் வீரன், இவன் பயந்தாங்கொள்ளி, இவள் அழகி, இவள் சூனியக்காரி. பெயர் கூப்பிடும்போது நம்மைப் போன்றவர்களுக்கு எந்த வேலை வருகிறது என்பதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

'டம்போ' என்று 1941இல் வந்த டிஸ்னியின் யானைக்குட்டிப் படம் ஒன்று உண்டு. அதில் மழை பெய்யும் ராத்திரியில் சர்க்கஸ் கூடாரம் எழுப்புகிற காட்சியை ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆணி அடிப்பவர்கள், கயிறு இழுப்பவர்கள் எல்லாரும் கறுப்பினத் தொழிலாளர்கள். யானைக்கு முகம் உண்டு, எலிக்கு முகம் உண்டு, ரயில் வண்டிக்குக் கூட முகம் உண்டு. அந்த ஆட்களில் ஒருவருக்கும் முகம் வரையவில்லை. அவர்கள் பாடுகிற பாட்டில், நாங்கள் எழுதப் படிக்கக் கற்றதே இல்லை, ஆனாலும் மகிழ்ச்சியாக இருக்கிறோம், கூலி கிடைத்தால் அதையும் வீசிவிடுவோம் என்று வருகிறது. எனக்கு அந்த இடத்தில் வயிறு எரிகிறது, தங்கச்சி. சம்பளம் போட்டால் இவர்களுக்குக் கையில் நிற்காது, நேரே கள்ளுக்கடைக்குப் போய்விடும் என்று நம்மைப் பற்றிச் சொன்னதும் இதே பேச்சுதான். அந்தக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதே படத்தில் காக்கைக் கூட்டம் ஒன்று வரும். கூட்டத் தலைவனுக்குப் படம் எடுத்தவர்கள் வைத்த பெயர் ஜிம் குரோ. அமெரிக்காவில் கறுப்பர்களைப் பள்ளியிலும் பேருந்திலும் ஒதுக்கி உட்கார வைத்த சட்டங்களுக்கு வழங்கிய பெயரும் அதுதான். கறுப்பர் பேசுவது போல அதற்குக் குரல் கொடுத்த கிளிஃப் எட்வர்ட்ஸ் வெள்ளையர். யானைக்குட்டிக்குப் பறக்க உதவுவது அந்தக் காக்கைகள்தானே என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், உதவுகின்றன. முகம் இல்லாத அந்த ஆட்களுக்கு என்ன பதில்?

பழைய படம், போய்த் தொலைகிறது என்று விடவும் முடியவில்லை. 1992இல் வந்த 'அலாதீன்' படத்தின் முதல் பாட்டில், அந்த ஊரில் உன் முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடுவார்கள் என்றொரு வரி இருந்தது. அமெரிக்காவில் வாழும் அரேபியர்கள் எதிர்த்த பிறகு, 1993இல் வீடியோவாக வந்தபோது அந்த வரியை மாற்றினார்கள். பேச்சை மாற்றவில்லை. நாயகனும் நாயகியும் அமெரிக்கப் பிள்ளைகள் மாதிரிப் பேசுவார்கள். வாளைத் தூக்கிக்கொண்டு துரத்துகிற காவலனுக்குத்தான் கட்டையான அந்நிய உச்சரிப்பு. ரோசினா லிப்பி கிரீன் என்ற மொழியியலாளர் இப்படிப்பட்ட டிஸ்னி படங்கள் 24ஐ எடுத்து, 371 பாத்திரங்களின் பேச்சைக் கணக்கெடுத்தார். அந்நிய உச்சரிப்போடு பேசுகிறவர்களில் கெட்டவர்களின் பங்குதான் கூடுதலாக இருந்தது. நம் ஊரிலும் இது பழக்கமான விஷயம்தானே. தொலைக்காட்சியில் ஓர் இந்தியர் மலாய் பேச வாயைத் திறந்தாலே சிரிப்பு வர வேண்டும் என்று யாரோ முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதைப் பார்த்துச் சிரிக்கும் நம் பிள்ளைகள் பள்ளியில் எவ்வளவு சரளமாக மலாய் பேசுகிறார்கள்!

சரி, இப்போது நம் மலேசிய நாட்டுப் படங்களுக்கு வருகிறேன். நம் ஊரில் இப்படிப்பட்ட படங்களை எடுக்க ஆள் இருப்பது எனக்குப் பெருமை. 'உப்பின் இப்பின்' தொடர் வந்த பிறகுதான் சீனப் பெண் மெய் மெய்யும் சீக்கியப் பையன் ஜர்ஜிட்டும் இந்தியப் பையன் ராஜுவும் ஒரே கம்பத்தில், அதாவது ஒரே கிராமத்தில் ஓடியாடுவதை நம் பிள்ளைகள் திரையில் பார்த்தார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டு முன்வாசலில் சனிக்கிழமை டியூஷன் நடக்கும். ஆசிரியர் வருவதற்குள் ஐந்து பையன்கள் 'போபொய்போய்' விளையாட்டு ஆரம்பித்தார்கள். 2011இல் தொடங்கிய நம் நாட்டுத் தொடர் அது, உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும். அதில் கோபால் என்று ஓர் இந்தியப் பையன். குண்டு, சாப்பாட்டுப் பிரியன், எதற்கெடுத்தாலும் பயப்படுவான். அவனுக்குக் கிடைத்த சக்தியும் பொருள்களைத் தின்பண்டமாக மாற்றுவதுதான். பையன்கள் வட்டமாக நின்று, கையை நீட்டி ஆள் தேர்ந்தெடுக்கிற ஒன் டூ சோம் போட்டார்கள். தோற்றவன் கோபால். நன்றாகக் கவனியுங்கள், ஐந்து பேரும் தமிழ்ப் பிள்ளைகள். நாயகர்களில் நம் பெயர் உள்ள ஒரே ஒருவன் கோபால். அந்தப் பெயர் தோற்றவனுக்குத் தண்டனை. தோற்ற பையன், "நான் போன வாரமும் அவன்தான்" என்று புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். விளையாட வரவே இல்லை.

கோபால் நல்ல பையன். நண்பர்களை விட்டுக்கொடுக்கமாட்டான், பிள்ளைகளுக்கு அவனைப் பிடிக்கவும் செய்யும். ஓர் இந்தியன் பயப்படக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து இந்தியப் பிள்ளைகள் இருக்கிற கதையில் ஒருவன் பயந்தாங்கொள்ளியாக இருந்தால் யாருக்கும் வலிக்காது. ஒருவனே ஒருவன் இருந்து, அவனும் அப்படி இருந்தால், அது நம் எல்லாருக்கும் வைத்த பெயராகிவிடுகிறது.

பெண்கள் கதையும் இதுதான். 2016இல் கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னியின் இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். 1937இல் வந்த முதல் இளவரசிப் படத்தில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டப் பாதிப் பாதி பேசுகிறார்கள். 1989இல் வந்த கடல்கன்னிப் படத்தில் ஆண்கள் 68 விழுக்காடு. 'அலாதீனில்' 90. நாயகியே போருக்குப் போகிற 'மூலான்' (1998) படத்தில் கூட 77. எப்படி என்கிறீர்களா? நாயகி ஒருத்தி பெண். அவளுக்கு உதவும் நண்டு ஆண், மீன் ஆண், கடல்பறவை ஆண். கடைக்காரர், சிப்பாய், அமைச்சர், வேடிக்கைக்கு வருகிறவர், எல்லாரும் ஆண். யாரும் யோசித்து ஒதுக்கவில்லை. பெண்ணைக் கூப்பிடலாம் என்று தோன்றவே இல்லை. என் தோட்டத்துப் பெரட்டு மாதிரிதான்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு என் பதில். "நாமும் பார்த்து வளர்ந்தோமே" என்கிறார். அந்த ஆசிரியையும் பார்த்துத்தான் வளர்ந்தார். பிள்ளைகள்மேல் பாசமான பெண், மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கறுப்பு என்றதும் அவருக்குச் சூனியக்காரி நினைவுக்கு வருகிறது, கை தானாக உங்கள் மகளைக் காட்டுகிறது.

படத்தின்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. பிள்ளை பிறந்ததும் "கலர் எப்படி?" என்று கேட்கிறவர்கள் நாம்தான். என் மகளிடம் "வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன். அமெரிக்காவில் 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி கறுப்பினக் குழந்தைகளுக்கு வெள்ளைப் பொம்மை, கறுப்புப் பொம்மை இரண்டையும் காட்டி, எது நல்லது என்று கேட்டார்கள். பல பிள்ளைகள் வெள்ளையைக் காட்டின. எது உன்னைப் போல் இருக்கிறது என்று அடுத்துக் கேட்டபோது சில பிள்ளைகள் அழுதன. பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வையும் எடுத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். பொம்மைக்குப் பதில் பவுடர் டப்பா.

படங்களை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அடுத்த வீட்டில் போய்ப் பார்ப்பாள். டிஸ்னி நிறுவனம் 2020இல் சில பழைய படங்களுக்கு முன்னால் எச்சரிக்கை போட்டது. 2021இல் 'டம்போ' உட்படச் சிலவற்றைத் தன் இணையத் திரைச் சேவையின் சிறுவர் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் கைத்தொலைபேசியில் துண்டு துண்டாக ஓடுகிற படத்துக்கு எந்த எச்சரிக்கையும் வராது. நீங்கள் வேலை விட்டு வரும்போது எவ்வளவு களைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முழுப் படமும் உட்கார வேண்டாம். கால் மணி நேரம் போதும். பக்கத்தில் இருந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதில் நீ யாராக இருப்பாய்? ஏன்?" அவள் சொல்வதை மறுக்காமல் கேளுங்கள். அப்புறம், 'மோவானா' (2016) போட்டுக் காட்டுங்கள். பழுப்பு நிறப் பெண், இளவரசன் யாரும் வருவதில்லை, கடலைத் தானே கடக்கிறாள். முதல் கறுப்பின இளவரசி தியானா 2009இல் வந்தாள். முதல் இளவரசி வந்து 72 வருஷம் கழித்து. அவளையும் பாதிப் படத்துக்கு மேல் பச்சைத் தவளையாக்கி வைத்துவிட்டார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இருந்தாலும் சொந்தமாக உணவகம் வைக்க உழைக்கிற பெண் அவள், காட்டுங்கள்.

ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பள்ளி விட்ட பிறகு தனியாகப் பார்த்து, பவுடர் பூசிக்கொண்டதை அப்படியே சொல்லுங்கள். அவர் பாசமானவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது அவருக்கும் வலிக்கும். வேடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். சூனியக்காரிக்குக் கறுப்பு வேண்டாம், பச்சையோ மஞ்சளோ ஏதாவது ஒரு சட்டை தைக்கட்டும். சீட்டில் உங்கள் மகளுக்கு அந்த வேடமே வந்தாலும் வரட்டும். பயமில்லாமல் சத்தமாகப் பேசுகிற வேடம் அது.

நிகழ்ச்சி எந்தத் தேதி என்று எழுதுங்கள். ஈப்போவிலிருந்து பக்கம்தான், வருகிறேன்.

அன்புடன்,
அக்கா