போல்ட் காசிலும் கிறுக்கின சுவரும்

வணக்கம் அண்ணா,

போன வாரம் டொராண்டோலருந்து தவுசண்ட் ஐலண்ட்ஸ் டிரிப் போனோம். போட்ல ஹார்ட் ஐலண்ட் இறங்கி போல்ட் காசில்ங்கிற கோட்டை மாதிரி மாளிகைய பாத்தோம். கீழ்த்தளம் ஜொலிக்குது, மேல ஏறினா சுவர் பூரா கிறுக்கல், பூச்சுகூட இல்ல. டிக்கெட் காசு வாங்குறாங்கல்ல, அதையும் சரி பண்ணிடலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கதைய போட்லயே சொல்லிருப்பாங்க. நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலை நடத்துன ஜார்ஜ் போல்ட், கோடைக்கு குடும்பத்தோட வந்து தங்கன்னு 1900ல ஆரம்பிச்சது, 6 மாடி, 120 அறை, 1904 ஜனவரில மனைவி லூயிஸ் இறந்ததும் வேலைய நிறுத்தச் சொல்லி தந்தி அடிச்சுட்டார், 300 பேர் அப்படியே போட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. எல்லாரும் இதோட முடிச்சிடுறாங்க. எனக்கு அதுக்கப்புறம் யாரும் கவனிக்காம கெடந்த 73 வருஷம்தான் மனச அறுக்குது.

ஒண்டாரியோ ஏரித் தண்ணி செயிண்ட் லாரன்ஸ் ஆறா கிளம்புற பக்கம் அது, குளிர்காலத்துல சுவருக்குள்ள இறங்கின ஈரம் உறைஞ்சு விரியும், காரைய பேத்துடும், அப்புறம் உருகும், மறுபடி உறையும், வருஷா வருஷம் இதேதான். போதாக்குறைக்கு வந்தவங்கல்லாம் சுவர்ல பேர எழுதிட்டுப் போயிருக்காங்க. 1977ல தவுசண்ட் ஐலண்ட்ஸ் பிரிட்ஜ் அத்தாரிட்டி, அதான் அங்க பாலத்த நிர்வாகம் பண்றவங்க, கையில எடுத்த பிறகுதான் அதுக்கு உயிர் வந்துச்சு. அவங்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இப்ப உங்க கேள்வி. சரி பண்றதுன்னா எந்த நிலைக்கு? கட்டி முடிக்கவே இல்லையே! முதல்ல அவங்க போட்ட கணக்கு, வேலை நின்னப்ப எப்படி இருந்துச்சோ அதுவரைக்கும் கொண்டுவந்தா போதும்னுதான், அப்புறம்தான் அதையும் தாண்டி செய்ய ஆரம்பிச்சாங்க. நீங்க ஜொலிக்குதுன்னு சொன்ன அறைகள் அந்த அழகோட இருந்து போல்ட் பாத்ததே இல்ல தம்பி. கிறுக்கின சுவர் அப்படி இல்ல, அந்த வீட்டுக்கு நெஜமாவே நடந்தது அது. எல்லாத்தையும் வெள்ளையடிச்சிட்டா அடுத்து வர்ற புள்ளைங்க இது எப்பவும் இப்படித்தான் இருந்துச்சுன்னு நெனச்சுட்டுப் போயிடும். ஒரு மாடியாவது அப்படியே விடணும்னு சொல்றவன் நான்.

அது சரி, கரையோரமா இருக்கே ஆல்ஸ்டர் டவர், அதுக்குள்ள போனீங்களா? காசில் வேலை நடந்தப்ப கோடையில குடும்பம் தங்கினது அங்கதான். போகலைன்னா அடுத்த தடவை முதல்ல அங்க போங்க.