கடலோரத்தில் ஓய்வுக்காலம்: எந்த ஊர், கடலிலிருந்து எவ்வளவு தூரம்?

கேள்வி: அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறேன். 34 வருடமாகக் கோவைவாசி. கடைசிக் காலத்தைக் கடலோர ஊரில் கழிக்க ஆசை. என் மனம் தரங்கம்பாடியில் இருக்கிறது, மனைவிக்குத் திருச்செந்தூர். நண்பர் ஒருவர் மரக்காணம் பக்கம், கடலிலிருந்து 150 மீட்டரில் 5 சென்ட் மனை இருக்கிறது, விட்டுவிடாதே என்கிறார். எனக்கு இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். மனைவிக்குச் சர்க்கரை, மூட்டுவலி. மகள் பெங்களூரில், மகன் வெளிநாட்டில். கோவை ஃபிளாட்டை விற்றால்தான் வேறு எதுவும் வாங்க முடியும். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: மரக்காணம் மனைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறிவரும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். ஊரகக் கடற்கரையில் 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. 2019 அறிவிக்கை, ஜன நெருக்கம் மிக அதிகமாக உள்ள ஊரகப் பகுதிகளுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற இடங்களுக்கு 200 அப்படியே இருக்கிறது. "பக்கத்திலேயே வீடுகள் இருக்கின்றனவே" என்று தரகர் காட்டுவார். அவை பெரும்பாலும் மீனவர் குடியிருப்புகள். வழிவழியாக அங்கே வாழ்பவர்களுக்குச் சட்டம் தனிச் சலுகை தருகிறது. நமக்கு அது கிடையாது, கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து. அந்தக் கரை அவர்கள் வலை காயப்போடும், படகு ஏற்றும் இடம். மனையைப் பத்திரம் பதிந்து கொடுத்துவிடுவார்கள். பதிவு ஆனதாலேயே வீடு கட்ட அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. அப்புறம், மரக்காணம் உப்பளத்துக்குப் பெயர்போன ஊர். உப்பு விளையும் மண்ணில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். நான் கடலூர்க்காரன், கட்டடப் பொறியாளர். என் அத்தான் ஓய்வு பெற்ற கையோடு ஊருக்கு வெளியே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு கட்டினார். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரையேறியபோது அக்காவும் அவரும் உள்ளே இருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி போனது, தென்னை சாய்ந்தது, அதெல்லாம் பெரிதில்லை. அதன்பிறகு மூன்று வாரம் கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, இன்சுலினை வைக்கக் குளிர்ந்த இடம் இல்லை. அதையும் சமாளித்தார்கள். அத்தான் காலமான பிறகுதான் வீடு அக்காவை விரட்டியது. இரவு எட்டு மணிக்கு மேல் ஆட்டோ வராது. மருந்துக்கடை நாலு கிலோமீட்டர். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வரும்வரை ஆறு மணி நேரம் தரையிலேயே கிடந்தாள். வந்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு ஊருக்குள் வாடகைக்கு வந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சும் காலத்தில் அந்த ஊரில் தனியாக வாழ முடியுமா என்று பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். கடையும் மருந்தும் பஸ்ஸும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். கடல் அரை மணி நேர தூரத்தில் இருந்தால் போதும்.

உங்கள் விஷயத்தில் அடுத்தது இதயம். மாரடைப்பு வந்தால், ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் வசதி 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிய வேண்டும். பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதில் அடக்கம். ஊரைப் பார்க்கப் போகும்போது மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போய், "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்று வந்தால் கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறை) திறந்திருக்குமா, டாக்டர் உள்ளூரிலேயே இருக்கிறாரா?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த ஊரை விட்டுவிடலாம்.

தரங்கம்பாடி என் மனதுக்கும் நெருங்கிய ஊர். டேனிஷ் கோட்டைக்கு எதிரே மாலையில் உட்கார்ந்திருந்தால் எழுந்து வர மனம் வராது. ஆனால் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மாசிலாமணி நாதர் கோயிலைப் பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டுக் கோயில், அதன் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. 2004 சுனாமியில் அந்தக் கரை பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இதயத்துக்குப் பெரிய அரசு மருத்துவமனை வேண்டுமென்றால் தஞ்சாவூர் வரை போகும்படி ஆகலாம். ஆம்புலன்ஸிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த ஊரை நான் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒரு மாதம் போய்த் தங்குங்கள்.

திருச்செந்தூரில் கோயில் இருக்கிறது, மனைவிக்கு மனநிறைவு இருக்கும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கந்த சஷ்டி, வைகாசி விசாகம், விடுமுறை நாள் என்று கூட்டம் வந்தால் உள்ளூர்க்காரர் தெருவில் இறங்குவதே சிரமம். பெரிய சிகிச்சைக்குத் தூத்துக்குடியோ திருநெல்வேலியோதான் போக வேண்டும். தூத்துக்குடி 40 கிலோமீட்டர், நெல்லை 60. சாலை நன்றாக இருந்தால் இது சமாளிக்கக்கூடிய தூரம். சாலை இல்லாமல் போன நாளும் உண்டு. 2023 டிசம்பரில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரையுடைத்துப் பாலமும் தண்டவாளமும் போய், திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது.

புதுச்சேரிக்கு ஜிப்மர் ஒன்றே பெரிய பலம். தனியார் மருத்துவமனைகளும் ஏராளம், நடந்தே போய் எல்லாம் வாங்கலாம், தனியாக வாழும் முதியவருக்கு ஏற்ற நகரம். விலைதான் அதிகம். தண்ணீர் நிற்கும் இடங்களையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்: 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரு நாள் மழை அரை மீட்டரைத் தொட்டது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர். நகரத்துக்கு வடக்கே இருக்கும் கடற்கரைக் கிராமங்களில் மனை தேடாதீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் மணல் வருடம் முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் துறைமுகச் சுவர் கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தால்தான் மெரினா அவ்வளவு அகலமானது. ராயபுரம், எண்ணூர் பக்கம் கரை கரைந்ததும் அதனால்தான். புதுச்சேரியிலும் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்தபின் அதே கதை நடந்தது. எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும் தெற்கே துறைமுகமோ தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீளும் கற்சுவர்) இருக்கிறதா என்று வரைபடத்தில் ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது நாகர்கோவில். கன்னியாகுமரி அல்ல, அது சுற்றுலா ஊர், விடிந்தால் அடைந்தால் வெளியூர்க் கூட்டம். நாகர்கோவில் முழுமையான நகரம். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஊருக்குள் தனியார் மருத்துவமனைகள், அதற்கும் மேலே தேவைப்பட்டால் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரமும் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனமும். கோவைக்கும் பெங்களூருக்கும் நேரடி ரயில் இருப்பதால் மகள் ராத்திரி ஏறி வந்து சேரலாம். சங்குத்துறை, முட்டம் கடற்கரைகளுக்கு அரை மணி, முக்கால் மணி. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கோடை சோழமண்டலக் கரைபோல் வாட்டாது. திருச்செந்தூருக்குக் காலையில் போய் சாமி கும்பிட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பலாம்; மனைவியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

குறை இல்லாத ஊர் இல்லை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் குமரி மீனவக் குடும்பங்களை உலுக்கிப் போட்டது, நகரத்திலும் மரங்கள் சாய்ந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றே இருக்காது. எங்கோ தெற்குப் பெருங்கடலில் எழுந்த அலை திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அதில் இறந்தார்கள். காலை நடை போகும்போது மணலில் நடங்கள், பாறையில் ஏறாதீர்கள், எச்சரிக்கை விட்ட நாளில் போகவே வேண்டாம்.

ஊர் முடிவானபின் தெருவைத் தேர்வு செய்வதில் நேரம் செலவிடுங்கள். வெள்ளம் வருமா என்று வீட்டுக்காரரைக் கேட்டால் "இங்கேயா? ஒரு சொட்டு நிக்காது" என்பார். நான் செய்வது வேறு. தெருவில் நாலு வீட்டின் மின்மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தால், மோட்டாருக்குத் தனி மேடை கட்டியிருந்தால், அந்தத் தெரு தண்ணீரைப் பார்த்த தெரு. சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தாலும் கேள்வி கேளுங்கள். மூலைப் பெட்டிக்கடைப் பாட்டிக்கு எல்லா வருடமும் நினைவிருக்கும். அவரிடம் வெற்றிலை வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கோடைக் கடைசியில் அளந்தால்தான் உண்மை தெரியும். கடலோரத்தில் நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலிருக்கும் உவர்நீர் ஏறக்குறைய 40 மீட்டர் மேலே வரும். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் கூடக்கூட ஒருகாலத்து இனிப்புக் கிணறு கரிக்க ஆரம்பிப்பது இப்படித்தான். மீட்டர் இல்லாவிட்டால் குளியலறை வாளியைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் படை படிந்து, விரலால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால், சோப்பும் நுரைக்காது, பருப்பும் வேகாது.

பழைய வீடு வாங்குவதாக இருந்தால் மொட்டை மாடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வாக்கில் பழுப்புக் கோடு, அதையொட்டி மெல்லிய வெடிப்பு. விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று வெற்றொலி வரும். உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பி துருவேறி ஊதி, காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூசி மறைத்தாலும் இரண்டு வருடத்தில் திரும்ப வரும். புதிதாகக் கட்டினால், கடலோரச் சூழலுக்கு ஐஎஸ் 456 என்ற கான்கிரீட் விதிப்படி எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வழக்கமான மேஸ்திரி 20 மி.மீ. விட்டுத்தான் பழகியிருப்பார், கான்கிரீட் போடும் நாளில் நீங்களே டேப்போடு நில்லுங்கள். மூட்டுவலி இருப்பதால் தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி எல்லாம் இப்போதே வேண்டும். தரைத்தளத்தைச் சாலை மட்டத்துக்கு மூன்றடி மேலே ஏற்றினால் படியோடு சாய்தளமும் கட்டாயம்.

வாங்குவது பிறகு. முதலில் வாடகை. கோவை ஃபிளாட்டை விற்காதீர்கள். அதை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் நாகர்கோவிலில் 11 மாத ஒப்பந்தம் போடுங்கள். மே மாதம் ஓய்வு பெற்றதும் ஓடிவிட வேண்டாம். செப்டம்பரில் போனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை அங்கேயே பார்ப்பீர்கள். பங்குனி, சித்திரை வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒப்பந்தம் முடிவதற்குள் வந்துவிடும். இரண்டையும் பார்த்தபிறகு மனைவி சரி என்றால் அதே பேட்டையிலேயே வீடு தேடுங்கள். அதற்குள் பால்காரர், ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விலை பேசும்போது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் மூன்றையும் வாங்கி, உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவர் சொல்லும் வக்கீலிடம் வேண்டாம். அந்தக் கட்டத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் வரைபடத்தோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.